முத்திரை கிடைக்காத புசல் பெட்டி

அளவைப் பெட்டிகளுக்கெல்லாம் அரசாங்க முத்திரை வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பரிசோதகர் நெடுங்கேணிச் சந்தைக்கு வந்த அன்று, நெல் வியாபாரம் செய்த என் அத்தான் காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்காக, நெல் அளக்கும் அவருடைய புசல் பெட்டியை நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். கொட்டிலில் இருந்த அந்தப் பெட்டியால்தான் ஒவ்வொரு போகமும் என் நெல்லை அளந்து வாங்குவார். அக்காவின் கணவர் என்பதால் நான் பக்கத்தில் நின்று பார்ப்பதுகூட இல்லை.

பரிசோதகர் தன்னுடைய பாத்திரத்தில் சரியாக ஒரு புசல் நெல்லை அளந்து பெட்டிக்குள் கொட்டினார். பெட்டி நிரம்பவில்லை. மேலே நாலு விரல் இடம் மிஞ்சியது.

"இதென்ன, புசலோ பத்தாயமோ?" என்று ஒரு வியாபாரி கேட்க, நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இதால ஆரின்ர நெல்லை வாங்கிறனீங்கள்?" என்றார் பரிசோதகர்.

என்னுடைய நெல்லைத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை அவர் பறித்து வைத்துக்கொண்டார்.

அத்தானிடம் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தேன். வீட்டு வாசல் படலையில் நின்ற அக்காவிடம் முதலில் நடந்ததைச் சொன்னேன்.

"வாங்கிற பெட்டியை ஏன் தம்பி கொண்டு போனனீ? விக்கிற பெட்டி அறைக்குள்ள எல்லே கிடக்கு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அத்தானிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

"சாப்பிட்டிட்டுப் போ தம்பி."

"பசிக்கேல்லை. வாற போகத்துக்கு நெல்லை வேற ஆருக்காவது குடுக்கிறன், அக்கா."