தோட்டம் இருக்குமிடம்

எங்கள் இளம் விவசாயிகள் கழகத்தின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆரம்பத்தில் செயலாளராக இருந்தவள் நான்தானே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பழைய கூட்டக் குறிப்பில் விளக்கேற்றியவர், மாலை போட்டவர், விதைப் பைக்கற் தந்தவர் எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். முதல் பயிற்சிக்கு ஆள் எடுத்த கதை மட்டும் ஒரே வரி: “ஒருவர் தெரிவானார்.” அந்த ஒருவர் நான். அந்த வரியை எழுதியதும் நான்.

போயிருக்க வேண்டியவள் என் கூட்டாளி. எல்கடுவப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கட்டில் அளவு நிலத்தில் அவள் போட்ட லீக்ஸையும் போஞ்சியையும் பார்க்க, கழகமே ஒருநாள் மலையேறிப் போனது. நான் மாத்தளை டவுன்காரி. வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த கத்தரியை என்னுடையது என்று சொல்லித் திரிந்தேன்.

விண்ணப்பத்தில் “தோட்டம் இருக்குமிடம்” என்று ஒரு கேள்வி.

“இதுக்கு என்னடி எழுதுறது?” என்று கேட்டாள்.

நான் என் படிவத்தில் மும்முரமாக இருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், “ஒங்க தோட்டத்துப் பேர எழுது” என்றேன். தேயிலைத் தோட்டத்தின் பெயரை முத்துமுத்தாக எழுதினாள். அவர்கள் கேட்டது மரக்கறித் தோட்டத்தை.

நேர்முகத் தேர்வுக்கு இருவரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார்கள். “இது தேயிலை. நாங்க தேடுறது மரக்கறி செய்யிறவங்கள” என்று அதிகாரி அவள் படிவத்தை ஓரமாக வைத்தார். பயத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த லீக்ஸைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இடம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பயிற்சியால் நான் விவசாயப் போதனாசிரியை ஆனேன். அவள் கொழுந்து பறிக்கப் போனாள்.

மலருக்கு இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அவள் லயத்துக்குப் போய் வாசித்துக் காட்டினேன். வெட்கமாக இருந்தது. உண்மையை ஒப்புக்கொள்கிறேனே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

“அன்னைக்கு நீயும் என்னயப் போல பயந்துட்டேன்னுதான்டி இத்தன காலமும் நெனச்சிட்டிருந்தேன்.”

நான் தாள்களை மடித்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.