பெரிய மிஸ் சொன்ன சாட்சி

பெரிய மிஸ்ஸை நினைத்தால் முதலில் தெரிவது அவருடைய கைதான். அனலாய்க் காய்ந்த ஒரு சின்ன நெற்றியின் மேல் அழுந்தியிருந்த கை. நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பு வாசத்தோடு எப்போதும் சுத்தமாக இருக்கும். வருடங்கள் போய்விட்டன, அந்தக் கையின் மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஜெபித்ததும் இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்து பிளாக் ஒன்றில், ஒரு சிறிய சபையின் ஹாலில் அவர் மழலையர் பள்ளி நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாட்களில் அதே ஹாலில் பாய் விரித்துக் குழந்தைகள். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில் நான் அங்கே டீச்சராகச் சேர்ந்தேன். என் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைத்து எங்களை வளர்த்தவள் என் அம்மா. ஜெபம் பண்ணாமல் வேலைக்கு உட்கார மாட்டாள். ஆனால் ஜெபத்துக்கு முன்பே கை இரண்டிலும் சாம்பலைப் பூசியிருப்பாள். இல்லாவிட்டால் முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் தோலைப் பொசுக்கிவிடும். கடவுளை நம்புவது என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரிய மிஸ்ஸின் நம்பிக்கை வேறு ரகம். கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்று சொன்னாலும், தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது என்று சொன்னாலும், “கர்த்தர் பாத்துக்குவாரும்மா, கவலைப்படுறதே அவிசுவாசம்” என்பார். கடைசியில் என் கணவர்தான் ஷிப்ட் முடிந்து வந்து அந்தத் தாழ்ப்பாளை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை ஜெபத்தில், கேட்டதைக் கொடுத்த ஆண்டவருக்குப் பெரிய மிஸ் நன்றி சொன்னார். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல குரல் அவருக்கு. பாட ஆரம்பித்தால் அழுகிற பிள்ளைகூட அடங்கிவிடும். அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் அவரை நம்பினோம் என்று இப்போது தோன்றுகிறது.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. ரிப்பன் நுனியை எப்போதும் மென்றுகொண்டே இருப்பாள். அவள் அம்மா குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவள். சுரங்க அலுவலகத்தில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை. பறவைகளுக்கு ஆண்டவரே இரை கொடுக்கிறார் என்று ஒருநாள் பெரிய மிஸ் பாடம் நடத்தினார். “எங்க வூட்டாண்ட குருவி அதுவேதான் பொறுக்கித் தின்னுது மிஸ்” என்றாள் இவள். நான் சிரித்துவிட்டேன். பெரிய மிஸ் சிரிக்கவில்லை. பாடம் முடியும்வரை அந்தக் குழந்தையைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்.

ஒரு காலை அந்த அம்மா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். “லேசா காயுதுங்க டீச்சர். இன்னிக்கு லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. கொஞ்சம் பாத்துக்கங்க” என்று விட்டுப் போனாள். மணி ஆக ஆகக் காய்ச்சல் ஏறியது. நான் துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். அம்மாவுக்குப் போன் செய்யலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். பெரிய மிஸ் அந்த ஈரத்துணியை எடுத்து ஜன்னலில் போட்டார். “பாதி நம்பி பாதி நம்பாம இருக்கக் கூடாது. விசுவாசம்னா என்னன்னு பிள்ளைங்க இன்னிக்குக் கண்ணால பாக்கட்டும்” என்றார். எல்லாக் குழந்தைகளையும் வட்டமாக உட்கார வைத்து, நடுவில் அவளைப் படுக்க வைத்தார். நெற்றியில் கையை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்.

அவள் விழி மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி இழுத்தது. பாயில் இருந்த குழந்தைகள் வீறிட்டன. பெரிய மிஸ்ஸின் குரல் இன்னும் உயர்ந்ததே தவிர, கை நகரவில்லை. நான் அவளை வாரி எடுத்தேன். பெரிய மிஸ் எழுந்து வந்து வாசலை மறித்தார்.

“இப்ப தூக்கிட்டுப் போனா எல்லாருடைய விசுவாசத்தையும் உடைக்கிறீங்க.”

“நவுருங்க மிஸ்.”

நகரவில்லை. தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வந்தேன். மரத்தடியில் நின்ற ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் நானும் ஜெபித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி ஜெபித்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்திய டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். “இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” மதியம் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது, வேலை உடுப்போடு ஓடிவந்திருந்த அவள் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சில நாளிலேயே வந்த ஆண்டு விழாவில் பெற்றோர் எல்லோர் முன்னாலும் பெரிய மிஸ் சாட்சி சொன்னார். சாகக் கிடந்த குழந்தையைத் தன் ஜெபம் கேட்டுக் கர்த்தர் எழுப்பினார் என்றார். அதில் ஆஸ்பத்திரி இல்லை, ஆட்டோ இல்லை, அவர் மறித்து நின்ற வாசலும் இல்லை. பின்வரிசையிலிருந்து குழந்தையின் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

“எம் புள்ளய ஆசுபத்திரிக்குத் தூக்கினு ஓடுனது இந்த டீச்சருங்க.”

பெரிய மிஸ் தடுமாறவே இல்லை. “அந்த டீச்சரை அனுப்பினதும் கர்த்தர்தாம்மா” என்றார், புன்னகையோடு. ஆமென் என்று ஹாலே முழங்கியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அதை நானும் நம்பினேன். அன்று என் கால்களுக்கு வேகம் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த உண்மையை, வழியை மறித்து நின்றவரே எடுத்துத் தனக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே வேலையை விட்டேன். அந்த அம்மாவும் மகளை அங்கன்வாடிக்கு மாற்றிவிட்டாள். “நீங்களாச்சும் எழுந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் டீச்சர்” என்றாள் என்னிடம். பெரிய மிஸ் அந்தச் சாட்சியைப் பல ஊர்ச் சபைகளில் சொல்லி வருவதாக அவ்வப்போது காதில் விழும். போகும் இடமெல்லாம் ஜனங்கள் அழுதார்களாம்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், என் கணவரின் முழங்கால் வலிக்காகப் பண்ருட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். பெரிய மிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை ஏறி ஒரு காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, “டாக்டரையும் கர்த்தர்தானே குடுத்திருக்காரு” என்றார்.

“அன்னிக்கும் குடுத்துத்தான இருந்தாரு மிஸ்.”

பெரிய மிஸ் எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பிள்ளை பேரு என்னம்மா?”

நான் சொல்லவில்லை. என் கணவரை அழைத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன்.