முனிராஜ் கண்ட எண்ணெய்

எண்ணெய்க் கம்பெனியில் நிலவியலாளராக வேலைக்குச் சேர்ந்தவர், அரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் முனிராஜ் ஒருவர்தான். அந்த ஒரு பெருமையை வைத்தே ஆயுளை ஓட்டிவிட்டார். ஊருக்கு வந்தால் மரவள்ளிக் காட்டில் நிற்கும் அண்ணனிடம்கூட இங்கிலீஷில்தான் பேசுவார்.

கடலோரத்தில், ஆழம் குறைந்த கடலடியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த பவளத்திட்டுகள் புதைந்து சுண்ணாம்புப் பாறையாகக் கிடக்கின்றன. அவற்றின் பொந்துகளில் எண்ணெய் தங்கியிருக்கலாம். கடலடிக்குள் அதிர்வலை அனுப்பி எடுத்த படத்தில் அப்படியொரு மேடு தெரிந்ததும் முனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெயரையே அதற்கு வைத்தார்: முனி மேடு.

அவருக்குக் கீழே வேலை பார்த்த காவியா பென்னாகரத்துப் பெண். "சார், திட்டு இருக்குதுங்க. ஆனா அதுக்கு மேல மூடி மாதிரி களிமண்ணு இல்லீங்க, வெறும் மணலுதான். எண்ணெய் இருந்திருந்தாலும் மேலேறிப் போயிருக்கும்" என்றாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலயே கல்லு பாத்தவன் நானு. போம்மா, போய் மேப்புக்குக் கலர் அடி."

இயக்குநர்கள் கூட்டத்தில் அவளை வாய் திறக்கவே விடவில்லை. கடலில் துளை போட்டார்கள். திட்டு இருந்தது, பொந்துகளும் இருந்தன. பொந்து நிறைய உப்புத்தண்ணீர்.

படத்தைத் தப்பாக வரைந்தது காவியாதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார் முனிராஜ். அவள் வந்து எதிரே நின்றபோது கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வேலையை விட்டுப் போனாள். வீட்டில் மனைவி நிர்மலாவிடம் இதைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்தார்.

ஓய்வு பெற்று அரூர் வந்தவருக்கு ஒரு சங்கத்தார் பாராட்டு விழா எடுத்தார்கள். 'கடலுக்கடியில் எண்ணெய் கண்ட தமிழர்' என்று பேனர். அதன் கீழே முனிராஜ் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மரியாதைக்கு நிர்மலாவிடமும் மைக்கை நீட்டினார்கள்.

"எண்ணெய் ஒண்ணும் வரலீங்க. உப்புத்தண்ணிதான் வந்துச்சு. வராதுன்னு ஒரு புள்ள முன்னாடியே சொல்லிச்சு. பழிய அது தலையில போட்டுட்டு, வூட்டுக்கு வந்து வயிறாரத் தின்னுட்டுத் தூங்குனாரு இவரு."

"அவங்களுக்கு டெக்னிக்கலாத் தெரியாதுங்க" என்று இளித்தார் முனிராஜ். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நிர்மலா தனியாக பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

பிறகு காவியாவைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினாள். வேறொரு கம்பெனியில் அதே மாதிரித் திட்டுகளைத்தான் அவள் ஆராய்கிறாள்.

"நீங்க எதுக்குங்க ஆன்ட்டி மன்னிப்பு கேக்கறீங்க? அவரு கேக்கட்டும்."

"அந்தாளு கேக்க மாட்டாரு கண்ணு."

கேட்கவும் இல்லை. இன்றைக்கும் விழா என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறார். மனைவியைக் கூட்டிப் போவது மட்டும் இல்லை.