அக்கா பெரியம்மாவானது

அக்காவுக்கு மகன் பிறந்து நாற்பது நாள் கழிவதற்குள் புத்தி தடுமாறிவிட்டது. பிள்ளை அழுதால், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாள். பால் கட்டி மார் வீங்கியிருக்கும். கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எங்களைப் பெற்ற அத்தா, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆட்டுத்தோல் தரகு பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு அவளோடு அலைந்தார். ஓதிப் பார்த்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். அம்மா அவளோடு ஒரு தர்காவில் போய்த் தங்கினாள். அங்கே சங்கிலியில் கிடந்தவர்களைப் பார்த்துப் பயந்து, சில வாரத்திலேயே அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பிறகு ஒருநாள் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து இழுத்துப் பிடித்தார். அதன் பிறகுதான் அத்தா, டாக்டர் ஒருவர் சொன்னபடி, மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். அந்த ஐம்பதுகளில் அந்தப் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

துணைக்கு நானும் ரயிலேறினேன். எனக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரி வாசலில் ஆயா ஒருத்தி அக்காவின் துப்பட்டியையும் வளையல்களையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். அக்கா அழவில்லை.

“எப்ப வருவீங்கத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“அடுத்த வாரம் வாரேம்மா” என்றார் அத்தா.

வருஷத்துக்கு இரண்டு தரம்தான் அவரால் போக முடிந்தது.

அம்மாவுக்கு இளைப்பு நோய். பிள்ளை என் மடியில்தான் வளர்ந்தான். அய்யலூர் சந்தையில் அத்தா ஒரு பால் ஆடு பிடித்து வந்தார். அந்தப் பாலைக் காய்ச்சி, சங்கில் புகட்டினேன். பேச்சு வந்ததும் என்னைத்தான் அம்மா என்றான். சின்னம்மா என்று சொல்லச் சொல்லி அம்மா எவ்வளவோ திருத்திப் பார்த்தாள். கேட்கவில்லை. அக்காவைக் கட்டிய மச்சான் முதலில் வெள்ளிக்கிழமை தோறும் மகனைப் பார்க்க வந்தார். பிறகு பெருநாளைக்கு வந்தார். பிறகு நத்தத்தில் வேறு கல்யாணம் முடித்துக்கொண்டார்.

நாலாம் வருஷம் அக்கா குணமாகித் திரும்பினாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உடம்பு ஊதியிருந்தது. பேச்சு மட்டும் பழையபடி தெளிவாக இருந்தது. ஆனால் கொல்லைக்குப் போவதற்கும் கேட்டுவிட்டுத்தான் போனாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் வந்த அன்று பையன் என் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா இது?” என்று கேட்டான். அக்கா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “பெரியம்மாப்பா” என்றாள்.

மச்சானைப் பற்றிச் சொன்னபோதும் அவள் சத்தம் போடவில்லை. “அவரு எம்புட்டு நாள்தான் காத்திருப்பாரு” என்றாள். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளையை அக்காவிடமே விட்டுப் போவதென்று பேச்சு. நான் புறப்பட்டபோது அவன் ஜட்கா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அக்காதான் அவன் விரல்களைப் பிரித்து, தூக்கி என்னிடம் நீட்டினாள்.

“கூட்டிட்டுப் போ. எங்கிட்ட இருந்தா ஏங்கிப் போவான்.”

என் வீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அவனுக்கு மீசை அரும்பியபோது விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போனான். அக்கா முன்னால் உட்கார்ந்து, அம்மா என்று கூப்பிட்டானாம். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாளாம்.

“பெரியம்மான்னே கூப்பிடுப்பா. உங்கம்மா கேட்டா மனசு ஒடஞ்சு போவா.”

ஊர் திரும்பியதும் இதைச் சொல்லித்தான் அழுதான். கடைசிவரை அவளை அவன் அப்படியேதான் கூப்பிட்டான்.