சம்பளத்துக்குத் திட்டுகிறவர்

திட்டி முடித்த கையோடு அவருக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடுகிறார். நாற்காலியில் இருப்பவரின் தலையிலிருந்து அந்தக் கனத்த கண்ணாடியைப் பக்குவமாகக் கழற்றுகிறார். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, "தப்பா எடுத்துக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்கிறார். அப்படிப்பட்ட ஆளாக இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.

அந்த மனநல ஆலோசனை மையத்தில் எல்லோரும் அவரை வில்லன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒட்டடைக்குச்சி உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பேருந்தில் யாராவது இவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர் சாரி சொல்வார். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரல். ஒரு காலத்தில் சிமெண்ட் விளம்பரத்துக்குப் பின்னணி பேசியவர்.

மனிதர்களைக் கண்டால் பயப்படுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். மேலதிகாரி, மாமனார், வீட்டுச் சொந்தக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒருவர். மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நான்கு சுவரும் மறைந்து வேறோர் அறை தெரியும். எதிரே ஓர் ஆள் முறைத்தபடி நிற்பார். கணினி வரைந்த பொம்மைதான், ஆனால் அதன் வாய் நம் வில்லன் பேசப் பேச அசையும். யாரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதோ அவரிடம் இங்கே பேசிப் பழகிவிட்டுப் போகலாம். நானும் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். எனக்குப் பத்திரிகை ஆசிரியர் வேண்டுமென்று விளையாட்டாகக் கேட்டேன். "கட்டுரை எங்கய்யா? எத்தனை நாளைக்குக் கதை விடுவே?" என்று ஓர் அதட்டல். என் வயதையும் மறந்து எழுந்து நின்றுவிட்டேன்!

தொழிலில் அவ்வளவு சுத்தம். இன்னாருடைய அப்பா எப்படிப் பேசுவார், எந்த வார்த்தையை இழுப்பார், திட்டும் முன் செருமுவாரா என்று ஆலோசகரிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொள்வார். ஒத்திகை வீட்டுக் குளியலறையில். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டம்மாள் கதவைத் தட்டி, அவர் மனைவியைத் தனியே அழைத்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று குசுகுசுவென்று விசாரித்திருக்கிறார். "அது ஆபீஸ் வேலைங்க" என்று மனைவி சொன்னதை அந்தம்மாள் இன்றுவரை நம்பவில்லை. மனைவிக்கு வேறு வருத்தம். குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லையாம். "ஊர்ல இருக்கறவங்ககிட்டயெல்லாம் கத்துறாரு. அந்தக் கத்தல்ல கால்வாசி போதும், குழாய் சரியாயிடும்" என்று என்னிடமே சொன்னார். வில்லன் பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இளகிய மனசுதான் ஒருமுறை காரியத்தைக் கெடுத்தது. ஒரு நர்ஸ் வந்திருந்தார். கைராசிக்காரர்; குழந்தைகள் இவர்தான் ஊசி போடவேண்டும் என்று அடம்பிடிக்குமாம். வார்டு மேற்பார்வையாளர் கத்த ஆரம்பித்தால் மட்டும் வாய் அடைத்துப்போய், யாரோ செய்த தப்புக்கெல்லாம் தலைகுனிந்து நிற்பார். அவருக்காக வில்லன் நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தார். நடுவில், அந்தப் பெண் துப்பட்டா நுனியைத் திருகுவது, அடுத்த அறையைக் காட்டும் திரையில் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. "சரி விடும்மா, மெதுவாவே சொல்லு" என்றார் பொம்மை மேற்பார்வையாளர்! நர்ஸ் கடகடவென்று பேசிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் வார்டில் அதே தைரியத்தில் வாயைத் திறந்தார். நிஜ மனிதர் இறங்கிவரவில்லை, இன்னும் ஏறினார். நர்ஸ் ஓய்வறையில் போய் அழுதுவிட்டு, வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். "நீங்க இங்க பாவம் பார்த்தீங்க சார். அவங்க அங்க தனியா மாட்டிக்கிட்டாங்க" என்றார் ஆலோசகர். அன்று வில்லனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தானே நர்ஸுக்குத் தொலைபேசியில் பேசி, இன்னும் ஒரே ஒருமுறை வரச்சொல்லிக் கெஞ்சினார். இதிலும் முடியாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லித்தான் நர்ஸ் வந்தார். பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னையும் இருக்கவிட்டார்.

நான் வில்லனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் ஆலோசகர். "யாரைக் கேட்டு அந்தப் படுக்கையை மாத்தினே? வாய்ல என்ன பூட்டா?" என்று வில்லன் ஆரம்பித்ததும் நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் நர்ஸின் விரல்கள் துப்பட்டாவைத் தேடின. நான் இவரைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் கத்தினார். "பதில் சொல்லத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த யூனிஃபார்ம்?"

நர்ஸின் கை துப்பட்டா நுனியைப் பிடித்துத் திருகியது. கெட்டது போ, இந்த மனிதர் இனி ஒருவேளைகூடச் சாப்பிடமாட்டார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்றார் நர்ஸ். குரல் நடுங்கியது. "படுக்கையை மாத்தச் சொன்னது டாக்டர். அவரைக் கேளுங்க."

"என்ன, வாய் நீளுது?"

"வேலையைப் பத்திதான் சார் பேசறேன். நோயாளிங்க முன்னாடி என்னைப் பார்த்துக் கத்தாதீங்க. தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"உன்னை இந்த வார்டை விட்டே தூக்கிடுவேன்!"

"நாளைக்கும் இங்கதான் சார் டூட்டிக்கு வருவேன். நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன்."

துப்பட்டாவை விட்டுவிட்டிருந்தார். ஆலோசகர் வில்லனின் தோளைத் தொட்டு, இன்னொரு சுற்று, இதைவிடக் கடுமையாக, என்று சைகை காட்டினார். வில்லன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். திட்டு வரவில்லை, சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்துவிடக்கூடாதே என்று இரண்டு கைகளாலும் மைக்கை இறுகப் பொத்திக்கொண்டார்.