கறைக்காரர் விருந்துக்குப் போனார்

எந்தக் கறையையும் எடுத்துவிடுவதால் கறைக்காரர் என்று பேர் வாங்கியவரின் அறிமுகம் கிடைத்தது ஒரு வெள்ளைச் சட்டையால். பட்டமளிப்பு விழாவுக்கென்று வைத்திருந்த சட்டையில் பேனா மை கொட்டிவிட, கிராமத்திலிருந்து படிக்க வந்த இளைஞன் ஒருவன், இதை எழுதுகிறவன்தான், அவருடைய சலவைக்கடைக்கு ஓடினான். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி தான்தான் என்பதையும் கேட்காமலே சொல்லிவைத்தான். அவர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கறை போயிடும் தம்பி. பெருமை போகாது, அதுக்கு நான் பொறுப்பில்ல."

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்தார்.

கடை திறந்த நாளிலிருந்து அந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒருவர் பின்னறையில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது இன்னொருவர் கடையைப் பார்க்க வேண்டும். ராத்திரியிலோ, முதலில் வேலை முடித்தவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்துவிடுவார். பெரிய ஓட்டல் ஒன்றின் உச்சிமாடி உணவகத்துக்கு மேசை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது அவர்கள்தான். அதன் மேலாளர் ஒருநாள் இருவரையும் விருந்தாளிகளாக வரச் சொன்னபோது, கறைக்காரர் வேலை கிடக்கிறது என்று இழுத்தார். மனைவி விடவில்லை.

"அங்க என்ன போடுறாங்கன்னு எனக்குக் கவலையில்ல. ஒரு வேளையாவது நீங்க என் எதிர்ல உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான்."

பிரெஞ்சுச் சமையலும் ரஷ்யச் சமையலும் நடக்கிற இடம் அது. கறைக்காரருக்கு இரண்டுமே துணி வழியாகத்தான் பழக்கம். பிரெஞ்சுக்காரர் ஒயினாக வருவார், ரஷ்யக்காரர் பீட்ரூட்டாக வருவார் என்பார்.

அந்தி சாயும் நேரத்தில் மேலே போனார்கள். கீழே நகரம் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமலிருக்க விரிப்புகளின் ஓரத்தில் கிளிப் மாட்டியிருந்தார்கள். மனைவி நகரத்தைப் பார்த்தார். அவர் விரிப்பைப் பார்த்தார். ஓரத்தை இரண்டு விரலால் தடவி, இது கிழிந்து நம் கையால் தைத்த இடம் என்று காட்டினார்.

முதலில் வெங்காய சூப் வந்தது. மேலே மிதந்த ரொட்டியிலிருந்து சீஸ் நூலாக நீண்டு வர, கறைக்காரர் மனைவியின் கரண்டிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசைக்காரர் ஒயின் கிளாசை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னார். அது போன பக்கமெல்லாம் இவர் கண்ணும் போனது. சின்ன மகளும் கல்யாணமாகிப் போய்விட்டால் வீட்டில் நாம் இருவரும் என்ன செய்வது என்று மனைவி கேட்டார். 'ம்' என்று பதில் வந்தது.

"நான் பேசறது காதுல விழுதா?"

"விழுது, விழுது. அந்தாளு கிளாசும் விழப்போகுது பாரு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். அந்த மாலையும் கடை வேலையாகவே ஆகிக்கொண்டிருந்தது.

அடுத்து பீட்ரூட் சூப் வந்தது. ரத்தச் சிவப்பு, நடுவில் வெள்ளைப் பாலாடை. அவர் பதறிப்போய்க் கிண்ணத்துக்கு அடியில் கைத்துணியைச் செருகினார். மனைவி ஒரு கரண்டி நிறைய அள்ளினார். கணவரின் முகத்தைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல், அதை விரிப்பின் நடுவில் ஊற்றினார்.

கறைக்காரர் பாதி எழுந்துவிட்டார். கறை ஊறாமல் உப்பைத் தூவ, கை தானாக உப்புக் குப்பிக்குப் போனது. பரிமாறும் பையன் ஓடி வந்தான்.

"உக்காருங்க" என்றார் மனைவி. "காலையில அது உங்ககிட்டதான் வரும். அப்ப பாத்துக்குங்க. இப்ப என்னைப் பாருங்க."

விரிப்பை மாற்றட்டுமா என்று கேட்ட பையனிடம், இருக்கட்டும் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கறைக்காரர் உட்கார்ந்தார். சிவப்பு பரவுவதைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தன் கரண்டியை எடுத்தார். சொட்டியது, சொட்டட்டும் என்று விட்டார். அதன்பின் சின்னவள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள், அது முடிந்ததும் ஒரு தடவை கடல் பார்க்கப் போவது பற்றிப் பேசினார்கள். மனைவி மிகவும் நிதானமாகச் சாப்பிடுகிறவர் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கடையில் விழுங்கியதெல்லாம் அவசரத்தில்தான்.

இப்போது அந்தச் சலவைக்கடை மதியம் அரை மணி நேரம் மூடியிருக்கும். தட்டினாலும் திறக்க மாட்டார்கள். உள்ளே இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.