சந்துக்குப் போன சூடு

தொழிலாளர் அலுவலகம் கொடுத்த அட்டையில் அவர் ‘வெப்பம் அகற்றும் நிபுணர்’. படத்தில் இருப்பவர் அவர்தான், மீசைகூட ஒத்துப்போகிறது. விவரம்தான் ஒத்துப்போகவில்லை. பல வருடமாக ஏசி மாட்டிப் பிழைக்கும் அந்த மனிதர் இந்த உலகத்திலிருந்து ஒரு சிட்டிகை வெப்பத்தைக்கூட அகற்றியதில்லை. வீட்டுக்கு உள்ளே இருந்ததை எடுத்து வீட்டுக்கு வெளியே வைத்தார், அவ்வளவுதான். குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிறவரை யாரும் துப்புரவு நிபுணர் என்று சொல்வதில்லை. சூட்டுக்கு உருவம் கிடையாது என்பதால் இவர் தப்பித்துவந்தார்.

ஊரில் அவருக்கு ஐஸ் என்று பெயர். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று தொழில். மற்றது, எதிரே வருகிறவர் யாரானாலும் அவர் தலையில் இவர் வைப்பது. கதவு திறந்ததுமே, “இந்தத் தரையில கால் வைக்கவே கூச்சமா இருக்கும்மா, கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க” என்பார். அப்புறம் அழுக்கு ஏணியோடு உள்ளே போவார். தன் வேலையைப் பற்றியும் அடக்கமாகப் பேசிப் பழக்கமில்லை. “நான் மாட்டின மெஷினுக்கு முன்னாடி பனிமலை வந்து பாடம் படிக்கணும்” என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம்.

அவருடைய ராஜ்ஜியம் என்று ஒரு நாலு மாடிக் குடியிருப்பைச் சொல்லலாம். அதன் முன்பக்கம் அகலமான தெரு. சுவர் வெள்ளை வெளேரென்று, பால்கனிதோறும் பூந்தொட்டி. அந்த அழகு கெடக்கூடாது என்பதற்காகக் குடியிருப்போர் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது: ஏசியின் வெளிப்பெட்டியை யாரும் முன்பக்கம் மாட்டக் கூடாது. ஆகவே எல்லாப் பெட்டியும் பின்பக்கம் போயிற்று. பின்பக்கம் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டால்தான் மற்றவர் போகமுடியும். அந்தச் சந்துக்குள் பெட்டிகள் நாலு வரிசையாகத் தொங்கி, கோடை முழுக்க ஊதிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஐஸ் கையால் மாட்டியவை.

சந்தின் அந்தப் பக்கம் ஒரு பழைய மாடிவீடு. மாடியில் ஓர் அறை. அந்த அறையில் இருந்தவள் ஐஸின் சொந்த அக்காள்.

அக்காள் தையல்காரி. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை தைப்பது என்று அந்த வட்டாரத்துத் துணியெல்லாம் அவள் மிஷினுக்கு அடியில் ஒருமுறை போய் வந்தவை. வெளிச்சத்துக்காக மிஷினைச் சந்துப் பக்க ஜன்னலோரம் போட்டிருந்தாள். எதிர்ச் சுவரில் ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும் அவள் சந்தோஷப்பட்டாள். தம்பிக்கு வேலை கிடைக்கிறதே. ஏணியில் நின்றவனுக்கு ஜன்னல் வழியாகவே டீ நீட்டியிருக்கிறாள். சந்து அவ்வளவு குறுகல். தனக்கு வரப்போகும் அனலுக்கு டீ கொடுத்து வரவேற்றவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பிறகு ஜன்னலைச் சாத்தினாள். பகலிலும் டியூப்லைட் போட்டுத் தைத்தாள். புகார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குப் பொறுத்துக்கொள்ளத் தெரியும். அவள் கணவருக்குத் தூங்கத் தெரியாமல் போனதுதான் சிக்கல்.

அவர் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் லிப்ட் இயக்குகிறவர். பகலில் தூங்கியாக வேண்டும். அந்த அறையில் பகல் தூக்கம் என்பது அடுப்புமேல் படுத்துப் புரள்வது. அந்தக் கோடையில் ஒருநாள் லிப்ட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். லிப்ட் தன் இஷ்டத்துக்கு மேலும் கீழும் போய்வந்தது.

“ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்த ஆளு என்னைத் தட்டி எழுப்புறாரு மச்சான்,” என்றார் ஐஸிடம். “‘எந்த மாடி சார் உங்களுக்கு?’ன்னு வேற கேக்குறாரு. நோயாளி அவரா நானா?”

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் மேலதிகாரி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதனால் வீட்டைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. நகரத்தின் மறுகோடியில் கணவரின் அண்ணன் வீட்டில் ஓர் அறை இருந்தது. அங்கே தூக்கம் வரும்; வாடிக்கை வராது. ஒரு ஜிப் மாற்ற யார் பஸ் மாறிப் போவார்கள்? இத்தனை காலம் சேர்த்த தொழிலை அக்காள் அந்தச் சந்திலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

செய்தி கேட்ட ஐஸ் கொதித்துப்போனார். “நான் ஒருத்தன் இருக்கும்போது என் அக்கா புழுங்கிக்கிட்டு வீட்டைக் காலி பண்றதா? நாளைக்கே ஏசி மாட்டுறேன்.”

“அதோட பெட்டியை எங்கடா மாட்டுவ?”

“இதோ, ஜன்னலுக்குக் கீழ.”

“அது எது மேல ஊதும்?”

“எதிர்ச் சுவத்து மேல.”

“எதிர்ச் சுவத்துல என்னடா இருக்கு?”

ஐஸ் எட்டிப் பார்த்தார். தான் மாட்டியதை முதல்தடவை பார்ப்பவர் போல் பார்த்தார். “ஏசி,” என்றார்.

இருந்தும் மாட்டினார். பாசம் யோசித்துச் செய்வதில்லை. பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, துடைத்து, சர்வீஸ் செய்து, கேஸ் நிரப்பி ஓடவிட்டார். காலையில் அறை ஜில்லென்று இருந்தது. அக்காள் கணவர், அதாவது ஐஸின் மாமா, போர்வை கேட்டார். உச்சிவெயில் தாண்டியதும் மெஷின் கடகடவென்று இருமி நின்றது. மறுநாளும் அப்படியே.

“கேஸ் போயிடுச்சா மச்சான்?” என்று மாமா கட்டிலில் இருந்தே கேட்டார்.

இந்த இடத்தில் கேஸ் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனால் டாக்டர் கேஸ் என்கிறார். ஏசி குளிரவில்லை என்றால் மெக்கானிக்கும் கேஸ் என்கிறார். ஒருவருக்கு அது அதிகம், மற்றவருக்குக் குறைச்சல், வித்தியாசம் அவ்வளவே. கேட்கிறவருக்கும் அதில் ஒரு நிம்மதி. “கேஸ் எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்கிற மெக்கானிக்கைத் தொழில் தெரியாதவன் என்று அனுப்பிவிடுவார்கள். ஐஸும் கோடைதோறும் எதிர்க் குடியிருப்பில் கேஸ் என்றே சொல்லிவந்தார். பொய் சொல்லவேண்டும் என்றில்லை. அது அந்தத் தொழிலின் தாய்மொழி.

ஆனால் இந்த மெஷினில் கேஸ் நிரப்பியவர் அவரே. மெக்கானிக்கும் அவரே, வாடிக்கையாளரும் அவரே. யாரிடம் போய்ச் சொல்வது? வேறு வழியில்லாமல் முதல் தடவையாகக் காரணத்தைத் தேடினார்.

பிற்பகலில் சந்தில் ஏணி போட்டு ஏறினார். எல்லாப் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு அனல், முதுகில் ஒரு அனல். வலைக்குள் சிக்கிய மீன் போலக் காற்று வெளியே போக வழியில்லாமல் சுற்றியது. எதிர்ப்பெட்டி ஊதியதை அக்காள் வீட்டுப் பெட்டி இழுத்தது. அது ஊதியதை எதிர்ப்பெட்டி இழுத்தது. ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் குடித்து, எல்லா மெஷினும் மூச்சுமுட்டிக் கிடந்தன.

இறங்கி வந்து அக்காளிடம் சொன்னார்: “எல்லாரும் சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டிருக்கோம்க்கா.”

“வச்சது யாரு?”

“மாட்டினது நான். வச்சது அவங்க.”

“நல்லா பிரிச்ச போ,” என்று அக்காள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் ஐஸ் சங்கத்துச் செயலாளரைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் பசுமைக் குழுவுக்கும் தலைவி. துணிப்பை, உரத்தொட்டி, மொட்டைமாடியில் சோலார் தகடுகள் எல்லாம் அவர் சண்டை போட்டுக் கொண்டுவந்தவை. முன்பக்கச் சுவரின் வெள்ளையும் அவர் சாதனைதான். பூமியை நேசிப்பவர், அதற்கு அடுத்தபடியாக அந்தச் சுவரை.

“மேடம், உங்களை மாதிரி ஒருத்தங்க இருக்கிறதாலதான் இந்த நகரமே...”

“ஐஸ் வைக்காம விஷயத்தைச் சொல்லுங்க.”

சொன்னார். பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம். அங்கே காற்று ஓடும். மெஷினும் மூச்சுவிடும், சந்தும் மூச்சுவிடும்.

“மொட்டைமாடி வெயில்ல பெட்டி வெந்துடாதா?”

ஐஸ் காற்றை நினைத்திருந்தாரே தவிர வெயிலை நினைக்கவில்லை. “அதெல்லாம் வேகாது மேடம்,” என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். “சோலார் தகட்டுக்கு அடியில நிழல் இருக்கு. ஆள் நடக்குற உயரம். அங்க வைக்கலாமே?”

அன்று சாயங்காலமே இந்த யோசனை தன்னுடையது என்று ஐஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைஞ்சல் முதல் மாடியில் இருந்து வந்தது. அங்கே ஒரு பல் டாக்டர் வீடும் கிளினிக்குமாக இருந்தார். அவர் பெட்டிதான் அக்காள் ஜன்னலுக்கு நேர் எதிரே. “இங்கேருந்து மொட்டைமாடி வரைக்கும் பைப் இழுத்தா கூலிங் குறைஞ்சிடும்,” என்றார். அதில் அவர் சொன்னது சரி. ஐஸும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. முதல் மாடிப் பெட்டிகளுக்கு ஒரே வழி, தெருப்பக்கச் சுவர். அதாவது அந்த வெள்ளைச் சுவர். செயலாளரின் முகம் அதைக் கேட்டதும் சுண்ணாம்பு அடித்தது போலாயிற்று.

“கூட்டத்துல வச்சுப் பேசுவோம்,” என்றார். சங்கத்தின் கூட்டம் என்றால் கீழே ஹாலில், ஏசி போட்டு, நிதானமாக, அடுத்த கூட்டத்தில் பேசுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்துக் கலைவது. அதற்குள் அக்காள் மூட்டை கட்டிவிடுவாள்.

தைத்த திரைச்சீலையைக் கொடுக்கப் போன அக்காள்தான் வாசலில் நின்று சொன்னாள்: “கூட்டத்தைச் சந்துல வைங்க மேடம். மத்தியானம்.”

செயலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். திரைச்சீலையை வாங்கிக்கொண்டு, “வைக்கிறேன்,” என்றார்.

அப்படியே வைத்தார். வந்தவர்கள் மடக்கு நாற்காலியோடு வந்தார்கள், ஒருவரும் விரிக்கவில்லை. ஒற்றை வரிசையில்தான் நிற்க முடிந்தது. எல்லோரும் வீட்டில் ஏசியை ஓடவிட்டு வந்திருந்தார்கள், திரும்பிப் போகும்போது குளுகுளுவென்று இருக்கட்டுமென்று. செயலாளர் வரவேற்புரையை இரண்டாவது வாக்கியத்தில் கைவிட்டார். பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

“எந்த வீட்டு மெஷின் இப்படி மூஞ்சியில ஊதுது?” என்று எரிந்து விழுந்தார்.

“உங்களுதுதான் சார்,” என்றார் ஐஸ். இந்த ஒரு தடவை ஐஸ் வைக்கவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. பனியனோடு மாமா தலையை நீட்டினார். தூங்க முயன்று தோற்ற முகம். “ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. இங்க இன்னும் நல்லா இருக்கும்!”

யாரும் அசையவில்லை. பல் டாக்டர் மட்டும் என்ன நினைத்தாரோ, படியேறி மேலே போனார். அக்காள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஒருவர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்கூட அவர் உட்கார்ந்திருக்கமாட்டார். இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்னோடதை முன்பக்கம் மாட்டிக்குங்க,” என்றார். “ஆனா கோணல்மாணலா மாட்டக்கூடாது. பல்வரிசை மாதிரி இருக்கணும்.”

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் சுவர் இருக்கும் திசையைப் பார்த்தார்; சந்தில் இருந்து அது தெரியாது. “அசிங்கமாத்தான் இருக்கும்,” என்றார். “இருந்துட்டுப் போகட்டும். கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் போங்க, மயக்கம் வருது.”

சங்கத்தின் சரித்திரத்திலேயே மிகச் சுருக்கமான கூட்டம் அதுதான். செலவை யார் ஏற்பது என்ற சண்டை மட்டும் அப்புறம் ஹாலில் வசதியாக உட்கார்ந்து நடந்தது.

முதலில் இறங்கியது பல் டாக்டரின் பெட்டி. அன்றே அக்காள் வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், காலி செய்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதாகச் சொன்னாள். பிறகு மேல் மாடிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்கு ஏறின. மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே ஐஸ் மூங்கில் தட்டியும் கட்டிவிட்டார்; வெயிலை உள்ளே விட்டுவிட்டு மெஷினால் துரத்துவது வீண்வேலை என்று, அதுவும் தன் கண்டுபிடிப்பு என்ற பாவனையில், விளக்கினார். மூன்றாம் மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்ததால் அந்தப் பெட்டி இன்னும் சந்திலேயே தொங்குகிறது. ஓடுவதில்லை, ஒரு காகம் அதைக் குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டது.

இதனால் நகரம் குளிர்ந்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். தெருவில் நடப்பவர்கள் இப்போது முதல் மாடிக்குக் கீழே வந்ததும் நடையைக் கூட்டுகிறார்கள். ஆனால் மெஷின்கள் முன்னைப்போல் திணறுவதில்லை. மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கின்றன. அந்தக் குடியிருப்பில் இருந்து ஐஸுக்கு அழைப்பே வருவதில்லை. “தொழில்ல மண்ணை நானே அள்ளிப் போட்டுக்கிட்டேன்,” என்று அவர் பெருமையாகப் புலம்புவார். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வந்து மொட்டைமாடியை எட்டிப்பார்த்துவிட்டுப் போனதையும் அதே மூச்சில் சொல்வார்.

அக்காள் தன் வீட்டு ஏசியையும் கழற்றச் சொன்னாள்.

“வேண்டாமாக்கா? நல்ல மெஷின்.”

“ஜன்னல் இருக்குல்ல. நீ எடுத்துட்டுப் போ. சத்தம் போடாதே, மாமா தூங்குறாரு.”

சந்தில் தன் கையால் மாட்டிய பெட்டிகளை அவர் தன் கையாலேயே கழற்றினார். மேல் மாடிகளின் பெட்டிகளைச் சோலார் தகடுகளின் நிழலிலும், முதல் மாடிப் பெட்டிகளைத் தெருப்பக்கச் சுவரிலும் மாட்டினார். அக்காள் வீட்டைக் காலி செய்யவில்லை.